ஸ்கேன் மெஷினா, நர்ஸ் சம்பளமா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். சென்ற ஆண்டு எங்கள் அப்பா காலமானார். அவருடைய சேமிப்பில் ஒரு பகுதியை, மருத்துவ வசதி எட்டாத மலைக் கிராமங்களுக்காக நடக்கும் ஒரு சிறு மருத்துவமனைக்குக் கொடுப்பது என்று நாங்கள் நாலு பிள்ளைகளும் தீர்மானித்திருக்கிறோம். அப்பா பெயர் பொறித்த ஒரு ஸ்கேன் மெஷின் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது என் தம்பியின் ஆசை. அதைச் சொல்லி அங்குள்ள மருத்துவருக்கு எழுதிக் கேட்டோம். அவர் அனுப்பிய பட்டியலில் ஸ்கேன் மெஷினே இல்லை. இரண்டு நர்ஸ்களின் சம்பளம், ஜீப் பழுதுபார்ப்பு, சோலார் பேட்டரி, மழைக்கால மருந்து இருப்பு, நோயாளிகளின் வழிச்செலவு என்று இருந்தது. அவர்களுடைய வரவுசெலவு அறிக்கையைப் பார்த்தால், பாதிக்கு மேல் சம்பளத்துக்கே போகிறது. ‘நாம் கொடுப்பது நோயாளிக்குப் போகாது, ஆபீஸுக்குத்தான் போகும்’ என்று தம்பி கசந்துபோயிருக்கிறான். மருந்து மொத்த வியாபாரத்தில் இருக்கும் உறவினர் ஒருவர், பணமாக வேண்டாம், மருந்தாகவே அனுப்பலாம் என்கிறார். எது சரி? நாங்கள் கொடுக்கும் பணம் அங்கே என்னதான் ஆகும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண்ணுக்கு முதலில் பட்டது அந்த மருத்துவர் அனுப்பிய பட்டியல்தான். நன்கொடை கேட்பவர்கள் பொதுவாகக் கொடுப்பவரின் மனசு அறிந்து கேட்பார்கள். உங்கள் தம்பி ஸ்கேன் மெஷின் என்று சொன்ன பிறகும், ‘அது வேண்டாம், ஜீப்புக்குக் கொடுங்கள்’ என்று எழுதுகிற மருத்துவருக்குத் தன் மருத்துவமனையில் எது அறுந்து தொங்குகிறது என்று தெரிந்திருக்கிறது. அந்தப் பட்டியலுக்கே கொடுங்கள் என்பது என் பதில். தம்பியின் கேள்வியும் தட்டிக்கழிக்கக்கூடியதல்ல. நான் இப்படிப்பட்ட இடங்களில் வைத்தியம் பார்த்தவன். இப்போது சில சிறு மருத்துவமனைகளுக்கு மருந்து இருப்பு, செலவுத் திட்டம் ஆகியவற்றில் உதவி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து விளக்கமாகவே எழுதுகிறேன். தம்பியிடமும் காட்டுங்கள்.

ஊருக்கு நடுவே இருக்கும் மருத்துவமனை கூட்டத்தால் பிழைக்கிறது. நாளைக்கு நூறு பேர் வந்தால் ஒரு லேப் டெக்னீஷியனின் சம்பளம் நூறு பேருக்கும் பிரிந்துபோகும். மலைக்கு மேலே இருக்கும் கிளினிக்கிலும் அதே டெக்னீஷியன் வேண்டும், அதே பிரிட்ஜ் வேண்டும், ராத்திரி அதே விளக்கு எரிய வேண்டும். வருகிறவர்களோ கொஞ்சம் பேர், அவர்களிலும் கையில் காசில்லாதவர்களே அதிகம். மருந்து மேலே ஏறி வருவதற்கு வண்டிச் செலவு தனி. காப்பீடும் அரசுத் திட்டங்களும் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த நோயாளிக்கும் அறுவைச் சிகிச்சைக்கும்தான் பணம் தருகின்றன. ஒரு நர்ஸ் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளின் பிரஷரைப் பார்த்து, ஒருத்திக்குப் பிரஷர் ஏறி வலிப்பு வராமல் காப்பாற்றினால் அதற்கு யாரிடம் பில் கொடுப்பது? வராத நோய்க்கு ரசீது கிடையாது. இந்த மருத்துவமனைகள் செய்யும் வேலையில் மிகப் பெரிய பங்கு இதுதான். அதற்குப் பணம் நன்கொடையாகத்தான் வந்தாக வேண்டும்.

நோயாளிகளிடமே கொஞ்சம் வாங்கினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கலாம், பல இடங்களில் வாங்குகிறார்கள். தமிழகத்தின் கூடலூரில் அஸ்வினி என்ற மருத்துவ அமைப்பு ஆதிவாசிக் குடும்பங்களிடம் ஆண்டுக்குச் சிறு தொகை வாங்கிக்கொண்டு 1992-லேயே காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. அது மக்களுக்கு ‘இது எங்கள் ஆஸ்பத்திரி’ என்ற உரிமையைத் தந்தது. ஆனால் கட்டணம் என்று வந்தாலே முதலில் விலகிப்போகிறவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலை கொடுத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். இலவசமாகக் கொடுத்தபோது கிட்டத்தட்ட எல்லோரும் வாங்கினார்கள். மிகச் சிறிய விலை ஒன்றை வைத்ததும் வாங்குவோர் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. 2010-இல் வெளியான ஆய்வு இது. அரை வயிறு சாப்பிடுகிற வீட்டில் சின்னக் கட்டணமும் சின்னதல்ல.

இனி உங்கள் பணம் என்ன ஆகும் என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரே ஒரு ராத்திரியை எடுத்துக்கொள்வோம்.

ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகிறது. குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. ஆனால் கர்ப்பப்பை சுருங்கவில்லை. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. அது இறுகிச் சுருங்கினால்தான் ரத்தக்குழாய்களின் வாய் அடைபடும். சுருங்காவிட்டால், அதுவரை ஆரோக்கியமாக இருந்தவள் இரண்டு மணி நேரத்துக்குள் இறந்துபோகலாம். பெரிய ஆஸ்பத்திரி நாலு மணி நேரத் தொலைவில் இருந்தால் அந்தக் கணக்கு உதைக்கும். அங்கேயே, அப்போதே ஏதாவது செய்தாக வேண்டும்.

செய்வது என்ன? நர்ஸ் வயிற்றின் மேல் கையை வைத்துக் கர்ப்பப்பையை அழுத்தித் தேய்க்கிறார். கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி போடுகிறார். இன்னொருவர் கையில் ஊசி ஏற்றி டிரிப்ஸ் ஓடவிடுகிறார். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் போடுகிறார்கள். பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் அது உயிர் காக்கும் என்று 2017-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ரத்தம் நிற்கவில்லை என்றால் வயிற்றில் அழுத்திய கையை எடுக்காமலே ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுபோகிறார்கள். முன்னாலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் பறக்கிறது, ரத்தம் தயாராக இருக்க.

இதில் உங்கள் நன்கொடை எங்கெங்கே இருக்கிறது பாருங்கள். ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்த ஊசி வெறும் தண்ணீருக்குச் சமம், ஆனால் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. நர்ஸ் போட்டுவிட்டுக் காத்திருப்பார், ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே பட்டியலில் ‘சோலார் பேட்டரி’ என்று இருப்பது பிரிட்ஜ். பிரிட்ஜ் என்பது அந்த ஊசியின் வீரியம். ஜீப் பழுது என்பது ராத்திரி ஒன்றரை மணிக்கு முதல் சாவியிலேயே என்ஜின் பிடிப்பது, தேயாத டயர், டேங்கில் எரிபொருள், கூப்பிட்டால் எழுந்து வரும் ஓட்டுநர். தேய்த்து அழுத்திய கை யாருடையது? உங்கள் தம்பி ‘ஆபீஸ்’ என்று சொல்கிறாரே, அந்தச் சம்பளப் பட்டியலில் இருக்கிற கை.

சம்பளத்தைக் குறித்து இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், உங்கள் வீட்டில் சண்டை அதில்தான். ஜவுளிக் கடையில் சம்பளம் என்பது விற்கும் பொருளுக்கு மேல் வரும் செலவு. மருத்துவமனையில் விற்பதற்குச் சரக்கு என்று தனியாக ஒன்றும் இல்லை. நாடி பிடிப்பது, காயத்தைக் கழுவுவது, ‘இந்தக் குழந்தைக்கு மூச்சு வேகமாக இருக்கிறது, வீட்டுக்கு அனுப்பாதீர்கள்’ என்று சொல்வது, எல்லாமே ஒரு ஆள் செய்வது. சம்பளத்துக்குப் பாதிக்கு மேல் போகாத மருத்துவமனை அறிக்கையைப் பார்த்தால்தான் நான் சந்தேகப்படுவேன். அங்கே ஆள் பற்றாக்குறை இருக்கலாம், அல்லது இருக்கிற ஆட்களைக் குறைந்த கூலியில் பிழிந்துகொண்டிருக்கலாம். அப்படிப் பிழியப்பட்ட நர்ஸ் ஓராண்டில் கீழே இறங்கிவிடுவார். அவரோடு அந்த மலையின் பேச்சுவழக்கு, எந்த வீட்டில் யாருக்கு வலிப்பு, எந்தப் பாட்டி மாத்திரையை வாங்கிப்போய்ச் சாப்பிடாமல் வைத்திருக்கிறார் என்ற அறிவு எல்லாம் இறங்கிப்போகும். புதிதாக வருகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மக்களும் அந்நிய முகத்திடம் சீக்கிரம் வாய் திறக்க மாட்டார்கள்.

எட்டாத இடங்களில் நிலைத்து நின்ற மருத்துவமனைகளைப் பாருங்கள். முக்கியமான செலவை ஆட்களை உருவாக்குவதில்தான் செய்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் 1970-இல் ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே தம்பதியர் வேலையைத் தொடங்கியபோது, பள்ளிக்கூடமே போகாத கிராமப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் 1993-இல் ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் ஒரு குடிசையில் வைத்தியம் ஆரம்பித்து, அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களையே பணிக்குத் தயார்ப்படுத்தினார்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் செய்தது இன்னும் கூர்மையாக அளந்து பார்க்கப்பட்டது. பச்சிளம் குழந்தைகளைக் கவனிக்கக் கிராமப் பெண்களுக்கே சொல்லிக் கொடுத்து, ஒரு பையில் எடைபோடும் தராசு, வெப்பமானி, மூச்சு கொடுக்கும் கருவி, கிருமித் தொற்றுக்கு ஊசி ஆகியவற்றைக் கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். 39 கிராமங்களில் இது நடந்தது. மூன்றாம் ஆண்டில், இந்த ஏற்பாடு இல்லாத கிராமங்களோடு ஒப்பிடும்போது பச்சிளம் குழந்தைகளின் இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த இந்த முடிவு, பிறகு இந்தியாவில் ஆஷா என்ற கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் குழந்தை பிறந்த வீட்டுக்கே போய்ப் பார்க்கும் அரசுத் திட்டத்துக்கே அடிப்படையானது. அந்தப் பையில் விலை உயர்ந்த சாமான் எதுவும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடந்த பெண்ணுக்கான பயிற்சிக்கும் ஊதியத்துக்கும் யாரோ பணம் கொடுத்தார்கள். பெயர்ப்பலகை வைக்க அதில் இடம் இருந்திருக்காது.

பட்டியலில் ‘நோயாளிகளின் வழிச்செலவு’ என்று ஒன்று இருக்கிறதே, அதைப் படித்ததும் எனக்கு அந்த மருத்துவர் மீது மதிப்பு கூடிவிட்டது. நன்கொடையாளர்களுக்கு லேசில் பிடிக்காத செலவு அது. ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்று சீட்டு எழுதிக் கொடுப்பது எங்களுக்கு ஒரு நிமிட வேலை. வாங்கிக்கொள்கிறவருக்கு அது பஸ் செலவு, கூட வரும் ஆளின் கூலி நஷ்டம், அங்கே தங்கச் சாப்பிடச் செலவு, வீட்டில் ஆட்டையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது என்ற கவலை. சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. ஹைட்டியின் மலைப்பகுதியான கான்ஜில், மருத்துவர் பால் ஃபார்மரும் அவருடைய சகாக்களும் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காசநோயாளிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மருந்து எல்லோருக்கும் இலவசம். ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடவே மாதம் ஒரு சிறு தொகை, சத்துணவு, வீட்டுக்கு வந்து பார்க்கும் பணியாளர் என்று ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பகுதியினர் அனைவரும் குணமானார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் குணமானார்கள். நோயும் ஒன்று, மாத்திரையும் ஒன்று. வழிச்செலவும் சிகிச்சையில் சேர்த்திதான் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

ஸ்கேன் மெஷினுக்கு வருவோம். நல்ல கருவிதான், எனக்கு அதன்மேல் விரோதம் ஒன்றும் இல்லை. சரியான கையில் இருந்தால் இரட்டைக் குழந்தையையும், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதையும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒரு கருவியின் விலை என்பது அதை வாங்கும் விலையோடு முடிவதில்லை. மின்சாரம் ஏறி இறங்கினால் போர்டு கருகும். ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். உடம்பில் வைத்துப் பார்க்கும் புரோப் கீழே விழுந்தால் புதிது வாங்குவதற்கு ஒரு நர்ஸின் பல மாதச் சம்பளம் வேண்டும். சர்வீஸ் என்ஜினியர் மேலே வர மாட்டார். மெஷினைக் கீழே இறக்க வேண்டும். படித்துச் சொல்லத் தெரிந்தவர் விடுப்பில் போனால் மெஷினும் விடுப்பில் போகும். போதாக்குறைக்கு, இந்தியாவில் ஸ்கேன் மெஷினைக் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற மையத்துக்குத்தான் கொடுக்க முடியும். இலவசமாகக் கொடுத்தாலும் இதே விதிதான். இயக்குபவருக்கும் உரிய தகுதி இருக்க வேண்டும். ‘அன்பளிப்பு’ என்று ஜீப்பில் ஏற்றி அனுப்பினால் அந்த மருத்துவர் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்வார்.

வளர்ச்சி குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளின் கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. ஏறக்குறைய 40 சதவீதம் ஓடாமல் கிடந்தன. உதிரி பாகம், பயிற்சி, மின்சாரம் மூன்றில் ஏதோ ஒன்று இல்லாமல் போனதே பெரும்பாலும் காரணம். அப்படிக் கிடக்கும் மெஷின்களை நான் பார்த்திருக்கிறேன். மேலே துணி போர்த்தி, துணிக்கு மேலே பழைய ரெஜிஸ்டர்களை அடுக்கி வைத்திருப்பார்கள். தூக்கிப் போடவும் முடியாது, கொடுத்தவர் பெயர் முன்னால் எழுதியிருக்கும். ஏதாவது கருவிதான் கொடுத்தாக வேண்டும் என்று தம்பி நின்றால், முதலில் மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொண்டால், கருவியின் விலையோடு சில ஆண்டுப் பராமரிப்பு, உதிரி பாகம், ஒருவருக்குப் பயிற்சி ஆகியவற்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். ஒதுக்க முடியாது என்றால் வாங்க வேண்டாம்.

உறவினர் சொல்லும் மருந்து யோசனையை நாசூக்காக மறுத்துவிடுங்கள். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் மொத்த வியாபாரத்தில் சும்மா கிடைக்கும் மருந்து பெரும்பாலும் காலாவதிக்கு மூன்று, நான்கு மாதமே மிஞ்சியிருப்பதாகவோ, கம்பெனி சாம்பிளாகவோ இருக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்த மாதம் ஒரு பெயர், அடுத்த மாதம் ஒரு நிறம், அதற்கடுத்த மாதம் இல்லை என்று கொடுத்தால் அவர் மாத்திரையையே விட்டுவிடுவார். உலக சுகாதார நிறுவனத்தின் மருந்து நன்கொடை விதிகள் தெளிவாக இருக்கின்றன: கேட்டதை மட்டும் கொடு, பெறும் இடத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளதைக் கொடு, போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் இருக்க வேண்டும், மேலே எழுதியிருப்பது அங்குள்ளவர்களுக்குப் படிக்கத் தெரிய வேண்டும். இந்த விதிகள் பட்டுத் தெளிந்து எழுதியவை. 1992 முதல் 1996 வரை போஸ்னியாவுக்குப் பல நாடுகளிலிருந்து வந்து குவிந்த மருந்துகளில் பாதிக்கும் மேல் அங்கே உதவாதவை. சுமார் 17,000 டன் அழிக்க வேண்டியதாகத் தேங்கிக் கிடந்தது. போர் நடக்கும் நாட்டில், குப்பையை அகற்றுவதற்கு வேறு செலவு.

மருந்து வேண்டும் என்றால் அந்த மருத்துவமனையே வாங்கட்டும், நீங்கள் பணம் கொடுங்கள். அவர்களுக்கு எது தீர்கிறது என்று தெரியும், மொத்தமாக வாங்கினால் மலிவாகவும் கிடைக்கும். இதில் ஒரு விஷயத்தைக் கணக்குப் பார்க்கிறவர்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். பாம்புக்கடி விஷமுறிவு மருந்து ஒருவருக்கு முதல் சுற்றிலேயே 8 முதல் 10 குப்பி வேண்டும். இரண்டு பேர் ஒரே வாரத்தில் வரலாம், ஆகவே இருபது குப்பியாவது எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். அந்த ஆண்டில் யாரையும் கடிக்கவில்லை என்றால், அல்லது கடித்தவை விஷமில்லாத பாம்புகள் என்றால், குப்பிகள் காலாவதியாகும். கணக்கில் அது ‘நஷ்டம்’ என்று வரும். அதை வீண் என்று நினைக்காதீர்கள். அந்த ஆண்டு முழுவதும் அந்த மலையில் ஒவ்வொருவரும் மருந்து இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தார்கள். அதற்கான செலவு அது. 2017-இல்தான் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் முதல் வரிசையில் சேர்த்தது. வயலிலும் காட்டிலும் வெறுங்காலோடு நடப்பவர்களின் சாவு கவனத்துக்கு வர அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

அடுத்தது, ஒரே தடவையா ஆண்டுதோறுமா என்பது. நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். இரண்டு நர்ஸ்களின் ஓராண்டுச் சம்பளத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொண்டால், அந்த மருத்துவர் பதின்மூன்றாவது மாதத்துக்கு எங்கே போவார்? அந்தப் பயத்திலேயே ஆள் எடுக்கத் தயங்குவார். அதே தொகையை மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து, ‘இந்தத் தேதியில் இவ்வளவு வரும்’ என்று எழுத்தில் கொடுத்தால் அவரால் ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்துப் பயிற்சிக்கும் அனுப்ப முடியும். ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1913-இல் ஆப்பிரிக்காவின் லாம்பரேனேவில் மருத்துவமனை தொடங்கினார். அவர் பெரிய ஆர்கன் இசைக்கலைஞர். அவ்வளவு புகழ் இருந்தும் திரும்பத் திரும்ப ஐரோப்பாவுக்கு வந்து கச்சேரி செய்தும் உரையாற்றியும் மருத்துவமனைக்குப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. பிற்பாடு கிடைத்த நோபல் பரிசுப் பணத்தைத் தொழுநோயாளிகளின் குடியிருப்புக்குச் செலவிட்டார். எட்டாத ஊரின் மருத்துவர்களுக்கு இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. நோயாளியைப் பார்க்க வேண்டிய நேரத்தில் கணிசமான பங்கு விண்ணப்பம் எழுதுவதிலும், ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் தனித்தனிப் படிவத்தில் அறிக்கை அனுப்புவதிலும் போகிறது. மூன்று ஆண்டுக்கு நிச்சயமான பணம் கொடுப்பவர், பணத்தோடு அந்த மருத்துவரின் நேரத்தையும் நோயாளிகளுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்.

பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று நிபந்தனைகளை இறுக்காமல் இருப்பதும் அதே மாதிரிதான். ‘மருந்துக்கு மட்டும்’ என்று எழுதிக் கொடுத்தால், அலமாரி நிறைய மருந்து இருக்கும்போதும் பழுதான ஜீப்புக்கு அதைத் தொட முடியாது. ‘மருத்துவமனையின் நடைமுறைச் செலவுகளுக்கு’ என்று எழுதுங்கள். போதும்.

நம்பிக் கொடுக்கலாமா என்று சோதிக்க வேண்டாமா? வேண்டும். பதிவு, தணிக்கை செய்த கணக்கு, வரிச்சலுகைச் சான்று ஆகியவை இருக்கின்றனவா என்பதைப் பட்டயக் கணக்காளர் ஒருவர் அரை மணியில் பார்த்துச் சொல்லிவிடுவார். நான் கேட்பது வேறு கேள்விகள். கடந்த ஆண்டில் எந்தெந்த மருந்து எத்தனை நாள் இருப்பில் இல்லை? ஐந்து ஆண்டுக்கு மேல் இங்கேயே இருக்கும் பணியாளர்கள் எத்தனை பேர்? அந்த ஊர்க்காரர்களில் யார் யாருக்கு நிர்வாகக் குழுவில் இடம் இருக்கிறது? பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று விசாரித்தீர்களா? பதில் அழகாக இருக்க வேண்டியதில்லை. ‘சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் பதினெட்டு நாள் இல்லை, சாலை துண்டிக்கப்பட்டிருந்தது’ என்று சொல்கிறவர் ஸ்டாக் ரெஜிஸ்டரை ஒழுங்காக எழுதுகிறவர். ‘எங்களிடம் எப்போதும் எல்லாம் இருக்கும்’ என்று சொன்னால் இன்னொரு தடவை யோசியுங்கள். நோயாளியின் படத்தையும் பெயரையும் போட்டு நன்றிக் கடிதம் அனுப்புங்கள் என்று மட்டும் எப்போதும் கேட்காதீர்கள். வைத்தியம் வாங்குவதற்குத் தன் முகத்தை விலையாகக் கொடுக்க வேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது.

அப்பா பெயர் நிலைக்க வேண்டும் என்ற தம்பியின் ஆசையைக் குறைவாக எண்ண வேண்டாம். அதற்கு வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் பறக்கும் மருத்துவச் சேவை 1928 மே மாதம் கிளான்கரியிலிருந்து முதல் தடவை பறந்தது. அதற்கு வித்திட்டது ஹியூ விக்டர் மெக்கே என்ற தொழிலதிபர் தன் உயிலில் விட்டுச்சென்ற பணம். விமானம் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஆனால் நோயாளி விமானத்தைக் கூப்பிட வேண்டுமே. மறு ஆண்டில், மின்சாரம் இல்லாத பண்ணை வீட்டிலும் காலால் மிதித்து ஓட்டும் வானொலியை ஆல்ஃபிரட் டிரேகர் உருவாக்கிய பிறகுதான் அந்தச் சேவை தனித்துக் கிடந்த வீடுகளுக்கு நிஜமாக எட்டியது. உங்கள் அப்பா பெயரில் ‘நர்ஸ் பயிற்சி உதவித்தொகை’ ஒன்றை வையுங்கள். அந்த மலைக்கிராமப் பெண் ஒருத்தி ஆண்டுதோறும் அதில் படிக்கட்டும். மருத்துவமனை ஆண்டறிக்கையில் அந்தப் பெயர் வரும், படித்த பெண்ணுக்கும் அது தெரிந்திருக்கும். மருத்துவர் கேட்ட இரண்டு நர்ஸ் சம்பளத்தோடு இதுவும் இயல்பாகச் சேர்ந்துகொள்ளும்.

கடைசியாக ஒன்று. பட்டியலில் ‘மழைக்கால மருந்து இருப்பு’ என்று இருக்கிறது. மழையில் சாலை அறுந்துபோகும் இடம் என்றால், அதற்கு முன்பே சில மாத மருந்து மேலே ஏறியிருக்க வேண்டும். அதற்கான ஆர்டரை மழைக்கு ஆறு, ஏழு வாரம் முன்பாவது கொடுத்தாக வேண்டும். ஆகவே முதல் தவணையைக் குடும்பத்தில் எல்லோரும் ஒத்துப்போகும் வரை நிறுத்தி வைக்காதீர்கள். மருந்துக்கும் ஜீப்புக்கும் உள்ள பங்கை இந்த மாதமே அனுப்பிவிடுங்கள். மழை எப்போது பிடிக்கும், கடைசித் தேதி எது என்று மருத்துவரிடமே ஒரு வரி எழுதிக் கேளுங்கள். சம்பளம், உதவித்தொகை பற்றிய மூன்றாண்டு ஒப்பந்தத்தை நாலு பேரும் நிதானமாக உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளலாம்.